எட்டும் உயரத்தில் ஒரு விளக்கு

அங் மோ கியோ வட்டாரத்தில் ஒன்பதாம் மாடியிலுள்ள ஒரு நான்கறை வீடு அது. கூடத்தின் கிழக்குச் சுவரில் ஆளுயரத்திற்கும் சற்று மேலாக ஒரு மரப்பலகை. அதன்மீது முருகன் படமும் ஒரு காமாட்சி விளக்கும். 1980ஆம் ஆண்டில் அவ்வீட்டிற்குக் குடிவந்த நாளன்று அப்பலகையைச் சுவரில் பொருத்தியவர் வீட்டுத் தலைவர். கப்பல் பட்டறையில் பணியாற்றிய அவர் நல்ல உயரம். தெய்வம் தலைக்கு மேலே இருக்கவேண்டும் என்று எண்ணினாரேயன்றி, நாள்தோறும் விளக்கேற்றப் போகிறவர் தம் தோளளவே உயரமுள்ள மனைவி என்பதை எண்ணினாரில்லை. அம்மையாரும் குறை கூறவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார், விளக்கேற்றினார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. கணவர் மறைந்தார், பிள்ளைகள் வளர்ந்தனர், பேரப்பிள்ளைகள் பிறந்தனர். அன்றும் இன்றும் மாறாமல் இருந்தது முக்காலியின் உயரம். மாறிப்போனது அம்மையாரின் முழங்கால்.

2022ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் உலராத பாதங்களுடன் முக்காலியில் ஏறினார் எழுபத்தாறு வயது அம்மையார். மறுகணம் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. பின்னர்ச் சில வாரங்கள் சமூக மருத்துவமனையில் நடைப்பயிற்சி. ஊன்றுகோலுடன் அவர் வீடு திரும்பியபோது, குடும்பத்தார் அனைவரும் ஒன்றே ஒன்றைத்தான் உறுதி செய்துகொண்டிருந்தனர்: இனி அம்மா விழக்கூடாது.

இந்த ஒரு வீட்டின் கதை, ஒரு வீட்டோடு முடிவதன்று. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அத்தாப்புக் குடிசைகளிலும் நெருக்கடிமிக்க கடைவீடுகளிலும் வாழ்ந்த மக்களை விரைந்து குடியேற்றவேண்டிய காலம் அது. அன்று நாடு இளமையாக இருந்தது. குடிவந்த குடும்பங்களும் இளமையாக இருந்தன. குளியலறைக்கு முன் உயர்ந்த வாசற்கட்டு, குந்தியமரும் கழிப்பறை, வழவழப்பான தரை ஓடு, குறிப்பிட்ட சில மாடிகளில் மட்டும் நிற்கும் மின்தூக்கி ஆகிய இவற்றையெல்லாம் எவரும் இடையூறாகக் கருதவில்லை. அம்மையாரின் வீடு மின்தூக்கி நிற்கும் மாடியில் அமைந்தது நற்பேறு. ஏழாம் மாடியில் குடியிருந்த அவருடைய தோழி, அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு படிகளில் ஏறி இறங்கினார். எல்லா மாடிகளிலும் மின்தூக்கி நிற்கச்செய்யும் மேம்பாட்டுத் திட்டம் 2001ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் நின்ற இடத்திலேயே நின்றன; உள்ளே வாழ்ந்தவர்களுக்கு வயதாயிற்று. இன்று இந்நாட்டுவாசிகளில் பத்தில் ஏறத்தாழ எண்மர் கழக வீடுகளில் வாழ்கின்றனர். 2030ஆம் ஆண்டில் குடிமக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அறுபத்தைந்து வயதை எட்டியவராக இருப்பார் என்று கணித்துள்ளனர். ஆகவே, ஓர் அம்மையாரின் முக்காலி ஒரு நாட்டின் வினாவாகவும் ஆகிறது.

வீடு திரும்பிய அம்மையாருக்கு மகன் செய்த ஏற்பாடுகளில் குறை காண எவராலும் இயலாது. இந்தோனீசியாவிலிருந்து ஒரு பணிப்பெண் வரவழைக்கப்பட்டார். கட்டிலின் அருகிலேயே கழிப்பிட நாற்காலி வைக்கப்பட்டது. காப்பி கட்டிலுக்கு வந்தது; உணவு கட்டிலுக்கு வந்தது; வெந்நீரும் துண்டும்கூடக் கட்டிலுக்கு வந்தன. காய் நறுக்கும் கத்தி, எட்டாத பெட்டியொன்றினுள் போயிற்று. சாமிப் பலகையில் எண்ணெய் விளக்கு இருந்த இடத்தில் சிவப்பு நிற மின்விளக்கு ஒன்று இரவும் பகலும் எரிந்தது. "நீங்க ஒண்ணும் செய்யவேண்டாம்மா, உட்கார்ந்திருந்தாப் போதும்," என்றார் மகன். அன்பினால் சொன்ன சொல்தான். அம்மையாரும் அச்சொல்லைக் காப்பாற்றினார். உட்கார்ந்திருந்தார், பிறகு படுத்திருந்தார்.

மூன்று திங்கள் சென்றன. இரு கைகளையும் ஊன்றாமல் கட்டிலிலிருந்து எழ அவரால் முடியவில்லை. உணவு குறைந்தது. பேச்சும் குறைந்தது. பேத்தி பள்ளியிலிருந்து வந்து முத்தமிட்டாலும் கண்கள் தொலைக்காட்சிப் பெட்டியையே நோக்கின. மறுபரிசோதனைக்கு அழைத்துச் சென்றபோது மருத்துவர் நிழற்படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகக் கூடியிருப்பதாகவும் கால் தசைதான் கரைந்துவிட்டதாகவும் கூறினார். எலும்பை முறித்தது முக்காலி. தசையைக் கரைத்தது எது? அக்கேள்விக்கு மகனால் விடை கூற இயலவில்லை.

ஓய்வு முதியவர்க்கு மருந்து என்பது நெடுங்கால நம்பிக்கை. உடல் அவ்வாறு கருதுவதில்லை. 2007ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நோயற்ற முதியோர் சிலரைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கச்செய்து அளந்து பார்த்தனர். அப்பத்து நாள்களில் அவர்களுடைய கால்கள் இழந்த தசைப்பகுதி, சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ. நலமாக இருந்தவர் நிலை இதுவென்றால், அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று திங்கள் கட்டிலில் கழித்தவர் நிலையை விளக்கவும் வேண்டுமோ?

இதனை இன்னும் ஆழ்ந்து நோக்கியவர்கள், அமெரிக்க உளவியலாளர் பவல் லாட்டனும் அவருடன் ஆய்ந்த லூசில் நஹேமோவும் ஆவர். 1973ஆம் ஆண்டில் அவர்கள் வகுத்துரைத்த கொள்கை எளியது. ஒவ்வொரு சூழலும் மனிதனிடம் எதையோ கேட்கிறது. படி 'ஏறு' என்கிறது, கதவு 'தள்ளு' என்கிறது, அடுப்பு 'கவனி' என்கிறது. அக்கேள்வி ஒருவரின் ஆற்றலை மிஞ்சிவிட்டால் அவர் தடுமாறுகிறார். ஆற்றலைவிட மிகவும் தாழ்ந்துவிட்டாலோ, இருக்கும் ஆற்றலும் தேய்ந்துபோகிறது. இரண்டிற்கும் இடையே ஓரிடம் உண்டு. அங்கேதான் முதியவர் நன்கு வாழ்கிறார். அம்மையாரின் வீடு, முக்காலியிருந்த நாளில் அளவுக்கு மீறிக் கேட்டது. கட்டிலோடு கிடந்த நாளில் ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டும் அவருக்குத் தீங்கே செய்தன.

மருத்துவமனை அனுப்பிய செயல்வழிச் சிகிச்சையாளர் ஒருநாள் மாலை வீட்டிற்கு வந்தார். நோயுற்றோர் தம் அன்றாடக் கடமைகளைத் தாமே செய்ய மீண்டும் பழக்குவது அவர் பணி. மலாய்க்காரப் பெண்மணி. அந்தக் காலத்துச் சந்தை மலாயில் அம்மையார் தேர்ந்தவராதலால் மொழிபெயர்க்க எவரும் தேவைப்படவில்லை. "மக்சிக்," என்று உறவு கொண்டாடி அழைத்து, காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார் என்று அவர் வினவினார். மகன் முந்திக்கொண்டு, பணிப்பெண் காப்பி கொடுப்பதையும் உடம்பு துடைப்பதையும் விவரித்தார். வந்தவர் புன்னகையுடன் கேட்டுவிட்டு, மறுபடியும் அம்மையாரின் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார்.

அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இப்பவா, முன்னேயா?" என்றார்.

அந்த இரண்டு சொற்களைக் கேட்டு மகன் தலை குனிந்துகொண்டார்.

முன்பு அவர் செய்தவை யாவை? விடியுமுன் எழுவார். குளிப்பார். வாசல் நடைவழியில் சிறியதொரு கோலம் போடுவார். விளக்கேற்றுவார். தாமே காப்பி கலந்து குடிப்பார். கறிவேப்பிலைச் செடிக்கு நீர் வார்ப்பார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடப்பார். ஒன்றொன்றாகக் கூறக்கூற அம்மையாரின் குரலில் உயிர் வந்தது. சிகிச்சையாளர் அனைத்தையும் குறித்துக்கொண்டார். அளவு நாடாவை எடுத்தார். கட்டில், நாற்காலி, வாசற்கட்டு, அடுப்பங்கரைப் பலகை, இறுதியில் சாமிப் பலகை என எல்லாவற்றின் உயரத்தையும் அம்மையாரின் உடலோடு ஒப்பிட்டு அளந்தார். விடைபெறும்போது மகனிடம் அவர் கூறியதன் சாரம் இது: ஆபத்தை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், வேலையை அவர் கையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

அதன்பின் நடந்த மாற்றங்கள் பெருஞ்செலவு கோரியவை அல்ல. 2012ஆம் ஆண்டு முதல், முதியோர் வாழும் கழக வீடுகளில் கைப்பிடிகள் பொருத்தவும், குளியலறைத் தரையில் வழுக்காப் பூச்சு இடவும், வாசற்கட்டுகளில் சாய்வுப் பாதை அமைக்கவும் ஒரு திட்டம் நடைமுறையில் உள்ளது. வீட்டின் அளவுக்கேற்ப 87.5 முதல் 95 விழுக்காடு வரையிலான செலவை அரசாங்கம் ஏற்கிறது. 2024ஆம் ஆண்டில் இத்திட்டம் விரிவடைந்து, மடக்கி வைக்கும் குளியல் இருக்கை, அகலப்படுத்தப்பட்ட கழிப்பறை வாயில் முதலியனவும் அதில் இடம்பெற்றன. அம்மையாரின் குளியலறையில் கைப்பிடிகள் வந்தன. அதுவரை அவர் எழுந்திருக்கப் பற்றிக்கொண்டது துண்டு தொங்கவிடும் மெல்லிய குழாயை! ஆளின் பாரத்தைத் தாங்குவதற்கென அமைந்ததன்று அது. ஒருநாள் சுவரோடு பெயர்ந்து வந்திருக்கும்.

மற்றவற்றை வீட்டாரே செய்தனர். கூடத்துக் கம்பளம் சுருட்டப்பட்டது. அமிழ்ந்துபோகும் மெத்தை நாற்காலிக்கு மாற்றாக, இருக்கை முழங்கால் உயரத்திலும் இருபுறமும் கைதாங்கிகளுடனும் அமைந்த உறுதியான நாற்காலி வந்தது. அதிலிருந்து எழ அம்மையாருக்கு எவருடைய கையும் தேவைப்படவில்லை. எழுவதும் அமர்வதுமே ஒரு நாளைக்குப் பலமுறை நிகழும் உடற்பயிற்சி அன்றோ? அறுபது வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பர். ஆதலால், படுக்கையறையிலிருந்து குளியலறை வரை, ஆள் நடந்தால் தானே எரியும் சிறு விளக்குகள் வைக்கப்பட்டன. கழிப்பிட நாற்காலி வெளியேறிற்று. ஒவ்வொரு முறையும் பதினைந்தடி நடந்து சென்று, பதினைந்தடி நடந்து திரும்பவேண்டும். அந்த முப்பதடியே அம்மையாருக்கு மருந்தாயிற்று.

அடுப்பங்கரையில் அன்றாடம் கையாளும் பொருள்கள் யாவும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளுக்கு மாறின. பெரிய அரிசித் தோம்பு போய், ஒரு வாரத்திற்குப் போதுமான சிறு ஏனம் மேடைமீது வந்தது. கத்தி திரும்பி வந்தது. அமர்ந்து காய் நறுக்க ஓர் இருக்கையும் வந்தது. பணிப்பெண் வேலையை இழக்கவில்லை. அவர் வேலையின் இயல்புதான் மாறிற்று. அம்மையார் சந்தைக்குச் செல்கையில் முன்னே போய் இழுக்காமலும் கையைப் பற்றித் தாங்காமலும் ஓரடி பின்னால் நடப்பதே அவருடைய புதிய கடமை. சாலை கடக்குமிடத்தில் அம்மையார் தம் மூத்தோர் அட்டையைக் கருவியில் தட்டுவார். பச்சை மனிதன் இன்னும் சில வினாடிகள் காத்திருப்பான். 2009ஆம் ஆண்டில் வந்த அந்த ஏற்பாட்டை, தமக்கென்றே செய்து தந்ததுபோல் அவர் பெருமையுடன் பயன்படுத்தினார்.

எஞ்சியது சாமிப் பலகை. அதில்தான் மகனுக்குத் தயக்கம். தந்தை தம் கையால் அறைந்த ஆணிகள் அவை. அவற்றைப் பிடுங்குவது தந்தையையே வீட்டைவிட்டு இறக்குவதுபோல் அவருக்குத் தோன்றிற்று. பல நாள்கள் தள்ளிப்போட்டார். முடிவில் அம்மையாரே பேசினார்: "சாமி கோவிச்சுக்க மாட்டார், உங்கப்பாவும் கோவிச்சுக்க மாட்டார். ரெண்டு பேருக்கும் விளக்குத்தானே வேணும்?" அதே பலகை, அதே சுவரில், அம்மையாரின் மார்பளவு உயரத்திற்கு இறங்கிற்று. ஒரு கையை ஊன்றிக்கொள்ள அதனருகே கனமான சிறு அலமாரி ஒன்று நிறுத்தப்பட்டது. சிவப்பு மின்விளக்கு அணைக்கப்பட்டது. திரியும் எண்ணெயும் மீண்டன. முக்காலியை மகன் தாமே குப்பைத் தொட்டிவரை சுமந்து சென்றார்.

வாசல் நடைவழியில் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் இடம் கிடைத்தது. தீயணைப்பு விதிகளின்படி நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்கவேண்டும். அதை அளந்து பார்த்தே தொட்டி வைக்கப்பட்டது. ஒரு செடிக்கு இத்துணை மதிப்பா என்று வியப்போர், எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகிய இரு உளவியலாளர்கள் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வை அறிதல் நலம். அமெரிக்க முதியோர் இல்லமொன்றின் ஒரு மாடியினரிடம், தத்தம் அன்றாடத்தைத் தாமே முடிவு செய்துகொள்ளுமாறு கூறி, விரும்பினால் ஒரு செடியைத் தேர்ந்து தாமே வளர்க்கவும் இசைந்தனர். மற்றொரு மாடியினருக்கும் செடி கிடைத்தது. ஆனால், நீர் வார்ப்பதைத் தாதியர் பார்த்துக்கொள்வர் என்று கூறப்பட்டது. மூன்று வாரங்களில் முதல் மாடியினர் மிகுந்த விழிப்புடனும் சுறுசுறுப்புடனும் காணப்பட்டனர். இருசாராரிடமும் செடி இருந்தது. ஒருசாராரிடம் மட்டுமே அதன் பொறுப்பு இருந்தது.

இவ்வளவும் நடந்தபின் துன்பமே நேரவில்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. ஓராண்டு கழித்து, ஒருநாள் தாளிக்கும்போது எண்ணெய் தெறித்து அம்மையாரின் மணிக்கட்டில் கொப்புளம் எழுந்தது. வேலை முடிந்து வந்து அதைக் கண்ட மகன் ஒன்றும் பேசாமல் அடுப்பின் எரிவாயுக் குழாயை மூடினார். "போதும்மா," என்றார். அவர் குரல் நடுங்கிற்று. மருத்துவமனைக் கட்டிலருகே கண்விழித்த இரவுகள் அவர் கண்முன் நின்றிருக்கவேண்டும். அம்மையாருக்கும் அது தெரியும். ஆயினும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "உன்னைப் பெத்து வளர்த்தப்போ இந்தக் கையில எத்தனை கொப்புளம் தெரியுமாப்பா? அன்னைக்கு யாரும் அடுப்பை அணைக்கலையே," என்றார்.

அன்றிரவு வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. மறுநாள் மாலை மகன் வாங்கி வந்தவை இரண்டு: விளிம்பு உயர்ந்த ஒரு சட்டி, எண்ணெய் தெறிக்காமல் மேலே மூடும் வலைத்தட்டு. எரிவாயுக் குழாயை அவர் தாமே திறந்துவிட்டார். அச்சம் அவரைவிட்டு நீங்கிவிடவில்லை. பெற்றவளைப் பற்றிய அச்சம் எந்த மகனைவிட்டுத்தான் நீங்கும்? அந்த அச்சத்தைத் தாய்மீது சுமத்தாமல் தாமே சுமக்கக் கற்றுக்கொண்டார். முதியோர்க்கேற்ற வீட்டை அமைப்பதில் எந்தக் கைப்பிடியைக் காட்டிலும் கடினமான பகுதி அதுவே.

நாடும் இப்பாடத்தைச் சிறிது சிறிதாகக் கற்றுவருகிறது எனலாம். 2018ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பெற்ற கம்போங் அட்மிரல்டியில் முதியோர் வீடுகள், உணவங்காடி, மருத்துவ நிலையம், குழந்தைப் பராமரிப்பு நிலையம் ஆகியவை ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன; கூரைமேல் காய்கறித் தோட்டமும் உண்டு. புக்கிட் பாத்தோக்கில் 2021ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த சமூகப் பராமரிப்பு வீடுகளில், சக்கர நாற்காலி நுழையும் அகன்ற வாயிலும் வழுக்காத் தரையும் தொடக்கத்திலேயே அமைந்தன. இரவு பகல் எந்நேரமும் அவசர உதவி கிடைக்கும். அண்டை வீட்டார் கூடிச் சமைத்து உண்ண ஒவ்வொரு மாடியிலும் பொதுவிடமும் உண்டு. இவை போற்றத்தக்கவை. ஆயினும் முதியோரில் பெரும்பாலோர் புதிய வீடு தேடிச் செல்வதில்லை; பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பழைய வீட்டிலேயே முதுமையடைகின்றனர். அவ்வீடுகளை அவர்களோடு சேர்ந்து மாறச்செய்வது அரசாங்கத்தால் மட்டும் ஆகக்கூடியதன்று. அளவு நாடாவை எடுக்கும் முன், "முன்பு என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்கும் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும்.

அங் மோ கியோ வீட்டில் இப்போது மடக்கு இருக்கையும் வந்துவிட்டது. முதியவருக்கென்று பொருத்திய கைப்பிடியை, கால்பந்தாடிக் காலைச் சுளுக்கிக்கொண்ட பேரனும் பயன்படுத்துகிறான். ஐம்பதைக் கடந்த மகனும், எவரும் பாராத நேரத்தில், குளித்து வெளியேறுகையில் அதைப் பற்றிக்கொள்கிறார்.

வெள்ளிக்கிழமை விடிகிறது. அம்மையார் பாதங்களை நன்றாகத் துடைத்துக்கொண்டு கூடத்திற்கு வருகிறார். இடக்கை அலமாரிமேல் ஊன்றியிருக்கிறது. வலக்கை தீக்குச்சியைத் திரியிடம் கொண்டுசெல்கிறது. அறையினுள் விழித்துக் கிடக்கும் மகன், தீக்குச்சி உரசும் ஒலியைக் கேட்டுவிட்டு மறுபடியும் கண்களை மூடிக்கொள்கிறார்.